48ஆம் பக்கத்துக்குப் பிறகு ஆயா எங்கே?

சென்ற மே மாதம், கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். சென்னையிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் பேத்தி, ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஒரு தாள்கட்டைக் கொண்டுவந்து என் சாய்வு நாற்காலியின் கை மேல் வைத்தாள். 214 பக்கம்.

“தாத்தா, நான் எழுதின நாவல் இது. படிச்சிட்டு உண்மையைச் சொல்லணும். அப்பாவும் அம்மாவும் பாதி படிக்காமலே ‘சூப்பர்’னு சொல்லிட்டாங்க.”

“உண்மையா? என்கிட்டயா கேக்குற? 35 வருஷம் மத்தவங்க எழுதின வரைவுல தப்புக் கண்டுபிடிச்சுச் சம்பளம் வாங்கினவன் நான். யோசிச்சுக்கோ.”

“அதனாலதான் உங்ககிட்ட குடுக்குறேன்” என்றாள்.

அவளுக்கு 16 வயது. நாவல் ஆங்கிலத்தில் இருந்தது. வழக்கமாகப் படிக்கிறவர்களுக்கு என் ஆங்கிலத்தின் யோக்கியதை தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரி: புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். ஆங்கிலம் எனக்கு வயிற்றுப்பாட்டுக்காக வந்த மொழி. அரசு வேலையில் சேர்ந்த பிறகு கோப்புகளில் குறிப்பு எழுதி எழுதிப் பழகியது. அதனால் ஆங்கிலத்தில் ஒரு கதையைக் கொடுத்தாலும் கோப்பைப் படிப்பதுபோலத்தான் படிப்பேன். கையில் சிவப்புப் பென்சில் இல்லாவிட்டால் எனக்குப் படிப்பே ஓடாது. அந்தப் பென்சில் செய்த வேலையைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன்.

நாவல் ‘சூப்பர் ஹீரோ’ வகை. அசாத்திய பலம் உள்ள பிள்ளைகள், ஒரு வில்லன், ஊரைக் காப்பாற்றுவது. என் வயசுக்காரர்கள் இதைக் கேட்டதும் முகம் சுளிப்பார்கள். எனக்கு அந்த உரிமை கிடையாது. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் புத்தகமே ‘இரும்புக்கை மாயாவி’தான். எனக்கு அப்போது 22 வயது. முடிதிருத்தும் கடை பெஞ்சில் உட்கார்ந்து, என் முறை வந்தும் எழுந்திருக்காமல், பின்னால் வந்தவரை முன்னால் அனுப்பிவிட்டுப் படித்தவன் நான். இங்கிலாந்தில் ‘வேலியன்ட்’ என்ற வாரப் பத்திரிகையில் 1962இல் தொடங்கிய படக்கதை அது. ஆய்வுக்கூட விபத்தில் கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்ட ஒருவன். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் மறைந்துபோவான். ஆனால் இரும்புக் கை மட்டும் மறையாது. அந்தரத்தில் ஒரு கை மட்டும் மிதந்து வரும். முழுசாக மறைந்திருந்தால் நமக்கு அவனைப் பற்றிக் கவலையே வந்திருக்காது. அந்தக் கை ஒன்று மாட்டிக்கொள்ளும் என்பதால்தான் பக்கத்தைப் புரட்டினோம்.

அதைவிட எனக்கு நெருக்கமானவன் இன்னொருவன். பிரெஞ்சு எழுத்தாளர் மர்செல் எமேயின் ‘லெ பாஸ் முராய்’, அதாவது ‘சுவரைக் கடந்து போகிறவன்’. 1943இல் புத்தகமாக வந்த சிறுகதை. கதாநாயகன் துதியேல் பாரிஸில் ஒரு அமைச்சகத்தில் மூன்றாம் நிலை எழுத்தர். என் ஜாதி! 40 வயதுக்கு மேல் தனக்குச் சுவரை ஊடுருவும் சக்தி இருப்பது தெரிகிறது. பயந்துபோய் டாக்டரிடம் போய் மாத்திரை வாங்கி வருகிறான். சக்தியைப் பயன்படுத்தும் எண்ணமே அவனுக்கு இல்லை. புது மேலதிகாரி வந்து, கடிதம் எழுதும் பாணியை மாற்று என்று உயிரை வாங்கிய பிறகுதான், சுவருக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டி அவரைத் திட்ட ஆரம்பிக்கிறான். கடைசியில் தலைவலி மாத்திரை என்று நினைத்து அந்தப் பழைய மாத்திரைகளை விழுங்கிவிட்டு, ஒரு சுவருக்கு நடுவில் சிக்கி அங்கேயே உறைந்துபோகிறான். மோன்மார்த்ரில் சுவரிலிருந்து பாதி வெளியே வந்த மாதிரி அவனுக்கு ஒரு சிலை இருக்கிறது. அதைச் செய்தவர் நடிகர் ழான் மாரே.

ஆக, அசாத்திய சக்தி உள்ள ஆள் என்றால் அவனுக்கு ஒரு விலையும் இருக்கவேண்டும் என்பது எனக்குப் பழைய பாடம். இந்தப் பாடத்தோடுதான் பேத்தியின் நாவலைப் பிரித்தேன்.

முதல் 30 பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். மிகையாகச் சொல்லவில்லை.

கதாநாயகிக்கு 15 வயது. ஒருநாள் தெருவில் ஒரு ஆட்டோ கவிழ்ந்து ஒரு குழந்தை அடியில் மாட்டிக்கொள்கிறது. இவள் ஓடிப்போய் ஒற்றைக் கையால் ஆட்டோவைத் தூக்கிவிடுகிறாள். அதே நிமிஷம் வீட்டில் அவள் பாட்டியின் கையிலிருந்து பால் பாத்திரம் நழுவி விழுகிறது. இப்படி மூன்று தடவை நடக்கிறது. தான் பலத்தைக் காட்டிய நேரத்தையும் பாட்டிக்கு முடியாமல் போன நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துப் பார்த்து, 31ஆம் பக்கத்தில் விஷயத்தைக் கண்டுபிடிக்கிறாள். அவளுக்கு வருகிற பலம் எங்கிருந்தோ வருவதல்ல. தன்னிடம் மிக அன்பு வைத்திருப்பவரிடமிருந்து, அவருக்கே தெரியாமல், கடனாக எடுக்கப்படுகிற பலம். திருப்பிக் கொடுக்க வழியில்லை.

வில்லன் அதைவிட நன்றாக வந்திருந்தான். அவனுக்கும் இதே சக்தி. ஆனால் அவன் ஒரு உபாயம் கண்டுபிடித்திருக்கிறான். தன்னை நேசிப்பவர்களை விட்டுவிட்டு, முகம் தெரியாத ஆயிரம் பேரிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்கிறான். ஒருவருக்கும் பெரிதாகத் தெரியாது. மாடி ஏறும்போது சற்று மூச்சு வாங்கும், அவ்வளவுதான். அவன் கதாநாயகியிடம் கேட்கிறான்: உன் பாட்டி ஒருத்தியைப் படுக்கையில் தள்ளுவது நியாயமா, நான் செய்வது நியாயமா? 35 வருஷம் அரசாங்கத்தில் வேலை பார்த்த எனக்கே பதில் சட்டென்று வரவில்லை. நாங்கள் அதற்கு வரி என்று பெயர் வைத்திருந்தோம்.

இவ்வளவு நல்ல யோசனை ஒரு 16 வயதுப் பெண்ணுக்கு எங்கிருந்து வந்தது என்று அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

50ஆம் பக்கத்துக்கு மேல் வண்டி தடம் புரண்டது. ஒரே அத்தியாயத்தில் புதிதாக ஐந்து பிள்ளைகள் வந்து சேருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர், ஒரு உடை, உடையின் நிறத்துக்கு அரைப்பக்கம். ஊருக்குப் பெயரே இல்லை. 60 மாடிக் கட்டடமாக நிற்கிறது. இந்தப் பெண் பிறந்ததிலிருந்து பார்த்தது எங்கள் முத்தியால்பேட்டையையும் அவர்கள் இருக்கிற அடுக்குமாடிக் குடியிருப்பையும்தான். ஒரு சண்டை 38 பக்கம் நடக்கிறது. யார் யாரை அடிக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க நான் ஓரத்தில் படம் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. வில்லன் அடிவாங்கிக்கொண்டே மூன்று பக்கம் சொற்பொழிவு ஆற்றுகிறான். ‘சடன்லி’ என்ற சொல்லை எண்ணினேன். 61.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு முடிவில். மூழ்கப் போகிற ஒரு கப்பலையே கதாநாயகி தூக்கிப் பிடிக்கிறாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை! யார் பலத்தை எடுத்தாள்? யார் விலை கொடுத்தார்கள்? ஒரு வார்த்தை இல்லை. ஒரு விதியை நீங்களே போட்டீர்களானால் அது அரசாணை மாதிரி. தளர்த்தவேண்டும் என்றால் திருத்தாணை போடவேண்டும். கண்டுகொள்ளாமல் தாண்டிப் போனால் தணிக்கையில் மாட்டும்.

மூன்று நாள் உட்கார்ந்தேன். ஃபூல்ஸ்கேப் தாளில் வரிசை எண் போட்டு 43 குறைகளை எழுதினேன். உதாரணத்துக்கு இரண்டு:

16. பக்கம் 46. பாட்டியை இதுவரை ‘கிராண்ட்மா’ என்று எழுதிவிட்டு இங்கே மட்டும் ‘ஆயா’ என்று வருகிறது. ஒரே பாத்திரத்துக்கு இரண்டு பெயர் கூடாது. ஒன்றை நீக்கவும்.

17. பக்கம் 48க்குப் பிறகு பாட்டி எங்கே? கதையின் ஆதாரமே அவர்தான். எந்தத் தகவலும் இல்லாமல் காணாமல் போகிறார். விளக்கம் தேவை.

கடைசிப் பக்கத்தில் மதிப்பெண் போடலாம் என்று பென்சிலை வைத்தேன். எங்கள் பள்ளியில் எல்லாமே 20க்குத்தான். யோசனைக்கு 16, செயலாக்கத்துக்கு 7 என்று மனசுக்குள் போட்டுவிட்டேன். எழுதப் போன கை நின்றுவிட்டது. அதற்கு ஒரு பழைய காரணம் உண்டு.

1966. எனக்கும் அப்போது 16 வயதுதான். 80 பக்க நோட்டு ஒன்றில் பிரெஞ்சில் நான் ஒரு கதை எழுதினேன். மறைந்துபோகும் சக்தி உள்ள ஒரு பையன் யாருக்கும் தெரியாமல் கப்பலில் ஏறி பிரான்சுக்குப் போகிற கதை. வகுப்பில் கட்டுரை சொல்லிக்கொடுத்த முசியேவிடம், நெஞ்சு படபடக்க, கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தது. கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் இரண்டே வாக்கியம். யோசனை நன்று, நிறைவேற்றியது மோசம் என்று பொருள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. நோட்டை டிரங்குப் பெட்டிக்குள் போட்டேன். ஓய்வு பெற்று இந்த வலைப்பூவைத் தொடங்கும்வரை, கோப்புக் குறிப்பைத் தவிர வேறெதுவும் நான் எழுதவில்லை. முசியே சொன்னது பொய் இல்லை. இன்று படித்தாலும் அதே மதிப்பெண்தான் நானும் போடுவேன். ஆனாலும் அந்த இரண்டு வாக்கியத்தை என் பேத்திக்கு நான் எழுத விரும்பவில்லை. மதிப்பெண் போடாமல் 43 குறைகளை மட்டும் அவள் கையில் கொடுத்தேன். அதுவே பெரிய சலுகை என்று எனக்கு நினைப்பு.

அவள் கூடத்தில் தரையில் உட்கார்ந்து படித்தாள். முதல் பக்கத்தில் சிரித்தாள். “61 தடவையா? எண்ணீங்களா தாத்தா?” என்று கேட்டாள். பிறகு சிரிப்புச் சத்தம் நின்றது. தாள்களை மடித்து நாவலுக்குள் வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். ராத்திரி சாப்பிட வரவில்லை. “தலைவலியாம்” என்றாள் மருமகள். ரொம்பக் கண்டித்துவிட்டேனோ என்று எனக்கு உறுத்தல். எது அவளைப் புண்படுத்தியது என்று பார்க்கலாம் என்று, எல்லோரும் தூங்கிய பிறகு நாவலை எடுத்து முதல் 48 பக்கத்தைத் திரும்பப் படித்தேன். இந்தத் தடவை பென்சில் இல்லாமல்.

பால் பாத்திரம் நழுவுகிறது. ஊறுகாய் ஜாடியின் மூடியைத் திறக்க முடியாமல் அந்தப் பாட்டி, ஜாடியே தனக்கு வேண்டாம் என்பதுபோல ஒதுக்கி வைக்கிறாள். புடவைத் தலைப்பில் முடிந்த சாவிக்கொத்தை அவிழ்க்கப் பல்லால் கடிக்கிறாள். 46ஆம் பக்கத்தில், தலைக்கு எண்ணெய் வைக்கக் கை தூக்க வராமல், பேத்தியைக் கூப்பிட்டு, “நீயே வச்சு விடு, உன் கைக்குத்தான் குளிர்ச்சி ஜாஸ்தி” என்கிறாள்.

அந்த வரிக்குப் பக்கத்தில்தான் ‘ஆயா’ என்று இருந்தது. நான் சிவப்பில் வட்டம் போட்டு வைத்திருந்தேன்.

எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம். என் மனைவி இறந்து அப்போது இரண்டு வருஷம். தசைகளை வலுவிழக்கச் செய்கிற நோய். 14 மாதம் இருந்தாள். அந்தச் சாவிக்கொத்தும் ஜாடியும் எண்ணெயும் என் வீட்டில், என் கண் முன்னால் நடந்தவை. பேத்தி லீவுக்கு வரும்போதெல்லாம் மூலையில் உட்கார்ந்து ஏதோ படித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். அவள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதற்குத்தான் நான் ‘விளக்கம் தேவை’ என்று எழுதியிருக்கிறேன்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் இல்லை.

விடியற்காலை ஐந்தரைக்கு அவளை எழுப்பிக் கடற்கரைச் சாலைக்குக் கூட்டிப்போனேன். அந்த நேரத்தில் அங்கே வண்டிகளை விடமாட்டார்கள். நடக்கிறவர்களும் கடலும் மட்டும்தான். காந்தி சிலையைத் தாண்டி, கருங்கல் போட்டிருக்கிற பக்கம் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தோம்.

“ஆயாவைப் பத்தித்தான் எழுதினியா?” என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “48க்கு அப்புறம் எழுதிப் பார்த்தேன் தாத்தா. வரலை. அடுத்து என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்ல. அதான் மத்த பசங்களைக் கொண்டுவந்தேன்” என்றாள்.

அதோடு முடியும் என்று நினைத்தேன். அவள் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “அந்த வருஷம்தான் நான் ஸ்கூல்ல ஓட ஆரம்பிச்சேன். ஒவ்வொரு தடவை ஜெயிச்சதும் ஆயாவுக்கு போன் பண்ணுவேன். அடுத்த தடவை வந்து பார்த்தா ஆயாவுக்கு இன்னும் கொஞ்சம் முடியாமப் போயிருக்கும். நான் ஸோனல்ல ஜெயிச்ச அன்னிக்குத்தான் ஆயா பாத்ரூம்ல விழுந்தாங்க. லூசுத்தனம்னு எனக்குத் தெரியும். ஆனா அப்படித்தான் தோணுச்சு.”

நாவலில் கதாநாயகி இரண்டு நேரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தது நினைவுக்கு வந்தது. கற்பனை என்று நினைத்து நான் மெச்சிய இடம் அது. இந்தக் குழந்தை இரண்டு வருஷமாக அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

இதமாக நாலு வார்த்தை பேச எனக்கு எப்போதும் வராது. அதெல்லாம் என் மனைவியின் இலாகா. எனக்குத் தெரிந்தது ஆவணம்தான். வீட்டுக்கு வந்ததும் பீரோவிலிருந்து அவளுடைய மருத்துவக் கோப்பை எடுத்தேன். தேதிவாரியாகத் துளையிட்டுக் கட்டி வைத்திருந்தேன். முதல் சீட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். கையில் பலக்குறைவு என்று டாக்டர் எழுதியிருந்தார்.

“தேதியைப் பாரு. நீ எப்ப ஓட ஆரம்பிச்ச?”

அவள் பார்த்தாள். விரல் விட்டு எண்ணினாள். ஐந்து மாதம் முந்தியது. திரும்ப ஒருதடவை எண்ணினாள்.

அடுத்து அந்த வருஷத்து மாதக் காலண்டரை எடுத்துக் கொடுத்தேன். பால் கணக்கும் சிலிண்டர் வந்த தேதியும் எழுதுகிற காலண்டர். பேனா பிடிக்க முடியாமல் போன பிறகு அவள் சொல்லச் சொல்ல நான்தான் எழுதுவேன். பால் கணக்குக்குக் கீழே சில தேதிகளில் என் கையெழுத்தில் சின்னதாக: ‘பாப்பா 400 மீ. 71.2’, ‘பாப்பா 400 மீ. 69.5’, ‘பாப்பா 68.4, முதல்’. போன் வந்த அன்றைக்கெல்லாம் அதை எழுதச் சொல்லாமல் தூங்கமாட்டாள். பத்தில் ஒரு பங்கு செகண்டு எதற்கு என்று எரிச்சலோடு கேட்டிருக்கிறேன். “உங்க ஆபீஸ் கணக்குல பைசாவை விட்டுருவீங்களா?” என்று திருப்பிக் கேட்டாள்.

பேத்தி காலண்டரை டிசம்பர் வரைக்கும் புரட்டினாள். பிறகு அழுதாள். நான் எழுந்து போய்க் காப்பி போட்டேன். எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

சாயங்காலம் அவளாகவே 43 குறைகளையும் எடுத்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொன்றாகப் பேசினோம். ஐந்து பிள்ளைகளில் மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று அவளே சொன்னாள். ஊருக்குப் பெயர் வைக்கச் சம்மதித்தாள். கப்பலைத் தூக்குகிற இடம் வந்ததும் நின்றோம். இப்போது எனக்கு விஷயம் புரிந்திருந்தது. விதியை அவள் மறக்கவில்லை. கப்பலைத் தூக்கினால் அந்தப் பாட்டி பிழைக்கமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். அதனால் பாட்டியையே கதையைவிட்டு எடுத்துவிட்டாள். நான் எழுத்துத் திறமைக் குறைவு என்று நினைத்துக் குறித்த இடங்களில் பாதி அப்படிப்பட்டவை. வலிக்கிற இடம் வரும்போதெல்லாம் ஒரு சண்டையைப் போட்டு அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறாள்.

“அப்ப ஆயா சாகணுமா தாத்தா?” என்று கேட்டாள்.

“அதை நீதான் தீர்மானிக்கணும். ஆனா அவங்க கதையில இருக்கணும். இவ்வளவுதான் என் குறிப்பு.”

இன்னொரு செய்தியும் சொன்னேன். அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்துப் பள்ளித் தோழர்கள் இரண்டு பேர், ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர். சீகலுக்கு 18 வயது இருக்கும்போது, 1933இல், அவர்களே நகலெடுத்து நடத்திய சின்னப் பத்திரிகையில் ‘சூப்பர்மேன்’ என்ற பெயர் வருகிற ஒரு கதை வந்தது. அதில் அந்த ஆள் வில்லன்! மருந்தால் சக்தி பெற்று, உலகத்தை ஆளப் பார்த்து, மருந்தின் வேகம் தீர்ந்ததும் பழையபடி இலவச ரொட்டிக்கு வரிசையில் நிற்கப் போகிறவன். இன்று அந்தக் கதைக்காக யாரும் அவர்களை நினைப்பதில்லை. ஆனால் யோசனையை அவர்கள் தூக்கிப் போடவில்லை. புரட்டிப் புரட்டி எழுதி, வரைந்து, பல இடங்களில் ‘வேண்டாம்’ என்று கேட்டு, ஐந்து வருஷம் கழித்து 1938இல்தான் நாம் அறிந்த சூப்பர்மேன் அச்சில் வந்தான். “130 டாலருக்கு உரிமையை எழுதிக் கொடுத்துட்டாங்க. அந்தத் தப்பை மட்டும் நீ செய்யாதே” என்றேன். அவள் சிரித்தாள்.

ஜூனில் பள்ளி திறந்ததும் சென்னைக்குப் போய்விட்டாள். அவள் போன மறுநாள் நான் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். என் 1966 நோட்டு செல்லரிக்காமல் இருந்தது.

1962 ஆகஸ்ட் 16இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்கிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்பது ஒப்பந்தம். என் அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. என் மூத்த அண்ணன் கொடுத்தார். மறு வருஷமே கப்பல் ஏறினார். அங்கே பட்டாளத்தில் சேர்ந்தார். எங்கள் ஊரில் ஒரே வீட்டில் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆன குடும்பங்கள் எத்தனையோ. அம்மா அவர் தட்டை வருஷக்கணக்காகக் கழுவிக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

நோட்டைப் படித்தேன். மறைந்துபோகும் பையன் கப்பலில் ஏறுகிறான். மேல்தளத்தில் ஒருவர் கரையைப் பார்த்து நின்றுகொண்டிருக்கிறார். பையன் அவர் பின்னால் போய் நிற்கிறான். தோளைத் தொடக் கையை நீட்டுகிறான். அந்த இடத்தில் திடீரென்று கடற்கொள்ளையர் வந்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு கடைசிப் பக்கம் வரைக்கும் வாள் சண்டைதான். அந்த ஆள் திரும்பிப் பார்த்தாரா என்று எங்கேயும் இல்லை.

நிறைவேற்றியது மோசம் என்று முசியே எழுதியது சரி. அந்த ஆள் யார் என்று அவர் என்னிடம் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லாமலே இருந்திருக்கலாம். ஆனால் 58 வருஷம் கழித்து, பேத்தியின் நாவலைப் படித்த பிறகுதான், அது அண்ணன் என்று எனக்கே தெரிந்தது.

தீபாவளிக்கு முன்னால் பேத்தியிடமிருந்து ஒரு அத்தியாயம் வந்தது. ஆட்டோ கவிழ்வது இப்போது முத்தியால்பேட்டை மணிக்கூண்டுக்குப் பக்கத்தில். நாவல் முழுக்க ‘கிராண்ட்மா’ போய் ‘ஆயா’ வந்துவிட்டாள். ஆயாவின் பலம்தான் தனக்கு வருகிறது என்று கதாநாயகி மனசு உடைந்து சொல்லப் போகிறாள். ஆயா சுவரில் மாட்டியிருக்கிற காலண்டரைக் காட்டுகிறாள். பால் கணக்குக்குக் கீழே எல்லாத் தேதியும் நேரமும் எழுதியிருக்கிறது. ஆரம்பத்திலிருந்தே அவளுக்குத் தெரியும். ‘எடுக்கிறதுதான் எடுக்கிற, உருப்படியான காரியத்துக்கு எடு’ என்கிறாள். எந்தத் தேதியில் எதற்காக எடுத்தாள், அது தேவையா என்று உட்கார்ந்து விசாரிக்கவும் செய்கிறாள். அந்தக் குரலை எனக்குத் தெரியும். 46 வருஷம் கேட்டிருக்கிறேன்.

முடிவு இன்னும் எழுதவில்லையாம். ஆயா என்ன ஆகிறாள் என்று நானும் கேட்கவில்லை. அத்தியாயத்தில் ‘சடன்லி’ நான்கு இடத்தில் வருகிறது. குறைந்திருக்கிறது. கறுப்புப் பென்சிலால் மெதுவாக அடிக்கோடு போட்டு அனுப்பினேன்.

மறுநாள் போன் செய்தாள். “தாத்தா, ஆயா கோலம் போடறதை எப்ப நிறுத்தினாங்க? குனிய முடியாமலா, மாவு விரல்ல நிக்காமலா?”

மாவு விரலில் நிற்காமல் என்றேன். கடைசியாகப் போட்ட கோலத்தில் ஒரு இழை கோணிப்போனதையும், அதை அவள் காலால் அழித்துவிட்டு உள்ளே வந்ததையும் சொன்னேன். மறுமுனையில் அவள் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. வரவர எனக்கும் நினைவு தப்புகிறது. அவள் கேட்கக் கேட்கத் தெரிந்ததையெல்லாம் சொல்லிவிட வேண்டும்.